‘ஸ்டவ் வெடித்து பெண் பலி’: பம்ப் ஸ்டவ் மீது போட்ட பழி நியாயமா?

‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.’

1980-களிலும் 1990-களிலும் செய்தித்தாள் படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு அத்துப்படி. உள்பக்கத்தில் ஒரு மூலையில் நாலைந்து வரி இருக்கும். பெண்ணின் பெயர், வயது, ஊர். ‘காபி போட ஸ்டவ்வைப் பற்றவைத்தபோது எதிர்பாராதவிதமாக வெடித்தது’, ‘சேலையில் தீப்பிடித்தது’, ‘சிகிச்சை பலனின்றி இறந்தார்’, ‘போலீஸார் விசாரித்து வருகின்றனர்’. அவ்வளவுதான். அந்த விசாரணை என்ன ஆச்சு என்று இன்னொரு செய்தி வருவது அபூர்வம்.

இன்றைக்கு 25 வயதில் இருப்பவர்களில் பலர் பம்ப் ஸ்டவ்வை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்திருக்கலாம். காரைக்குடி பழம்பொருள் கடையில் பித்தளைப் பளபளப்போடு உட்கார்ந்திருக்கலாம். ‘பாட்டி காலத்து ஸ்டவ், செம்மல்ல?’ என்று யாராவது ரீல்ஸ் போட்டிருக்கலாம். செமதான், சந்தேகமே இல்லை. ஆனால், அந்த ஸ்டவ் மீது ஒரு பெரிய பழி இருக்கிறது. அந்தப் பழி தீராமலேயே அது பரணுக்குப் போய்விட்டது.

கேள்வி இதுதான். ஒரு பொருள் உண்மையிலேயே அத்தனை வீடுகளில் வெடித்திருந்தால், அதைச் செய்தவர், விற்றவர், தரம் பார்க்க வேண்டியவர் என யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். வெடிக்கவில்லை என்றால், அந்தப் பெண் எப்படி எரிந்தார் என்பதற்கு வீட்டில் இருந்தவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற இரண்டே சொற்கள் இந்த இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் தப்பவிட்டன. எப்படி என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த ஸ்டவ்வைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கையோடு வந்த அடுப்புகள்

பழைய தமிழ் வீடுகளில் அடுப்பு என்பது தரையோடு தரையாக மண்ணால் போட்டது. பக்கத்திலேயே கொடியடுப்பு. வீடு மாறினால் அடுப்பு கூட வராது. போன இடத்தில் புதிதாகப் போட வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகிற அடுப்புகளும் இருந்தன. அதில் முக்கியமானது குமுட்டி. இரும்பு வாளி மாதிரி உடம்பு, உள்ளே மண் பூச்சு, நடுவில் கம்பிச் சல்லடை, சாம்பல் விழவும் காற்று நுழையவும் கீழே ஒரு வாய். மேலே அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து விசிறியால் விசிறினால் போதும். பால் காய்ச்சலாம், அப்பளம் சுடலாம், மழை நாளில் கிட்டே உட்கார்ந்து குளிர்காயலாம். மரத்தூள் அடுப்பு இன்னொரு ரகம். தகர டின்னின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக அடைத்து, கட்டையை உருவிவிட்டால் நடுவில் துளை கிடைக்கும். அடியில் தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். பைசா செலவு குறைவு.

ஒவ்வோர் அடுப்புக்கும் அதற்கென்று ஓர் ஆபத்து உண்டு. விறகு என்றால் புகை. கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். கரி என்றால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று கொடைக்கானல், ஊட்டிப் பக்கமிருந்து இன்றைக்கும் அவ்வப்போது செய்தி வருகிறது. அந்த வாயு மருமகள், மாமியார் என்று ஆள் பார்ப்பதில்லை. அறைக்குள் யார் யார் இருக்கிறார்களோ, எல்லாரையும் பாதிக்கும். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும். மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்வீடன் மெக்கானிக் கண்டுபிடித்தது

பம்ப் ஸ்டவ்வின் பிறந்த ஊர் ஸ்வீடன். 1892-ல் ஸ்டாக்ஹோமில், பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரங்கள் செய்த நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் இதை உருவாக்கினார். அதற்கு முன்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. ஆனால், திரியில் எரிந்த அந்தக் காலத்து ஸ்டவ்கள் பாத்திரத்தையும் சுவரையும் கரியாக்கின. லிண்ட்க்விஸ்ட் செய்த மாற்றம் எளிமையானது: எண்ணெயை எரிக்காதே, எண்ணெயின் ஆவியை எரி. ஆவி காற்றோடு நன்றாகக் கலந்து எரிவதால் கரி படியாது. சுடர் நீலமாக, சூடு அதிகமாக இருக்கும்.

‘பிரைமஸ்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. லத்தீனில் ‘முதலாவது’ என்று பொருள். 1890-களில் ஆர்க்டிக் பனிக்குள் போன நான்சன் கையில் அது இருந்தது. 1911-ல் தென்துருவத்தை எட்டிய அமுன்ட்சன் குழுவிடமும், 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவிடமும் இருந்தது. பனியை உருக்கிக் குடிநீர் எடுக்க அவர்கள் நம்பியது இந்தச் சின்ன பித்தளைச் சாமானைத்தான். அடுப்பு அணைந்தால் ஆள் காலி என்ற இடத்தில் ஒரு பொருளை நம்பிக் கொண்டுபோகிறார்கள் என்றால், அது சரியாகக் கையாண்டால் நம்பகமானது என்றுதானே அர்த்தம்?

ஜெராக்ஸ் மாதிரி இந்த பிராண்டு பெயரும் பொருளின் பெயராகவே ஆனது. இந்தியாவில் வேறு கம்பெனிகள் செய்ததையும் பல வீடுகளில் ‘பிரைமஸ் ஸ்டவ்’ என்றே சொன்னார்கள்.

எப்படி வேலை செய்யும்?

மூன்று கால். நடுவில் பித்தளைத் தொட்டி. தொட்டியில் எண்ணெய் ஊற்ற ஒரு மூடி, காற்றைத் திறந்துவிட ஒரு திருகு, பக்கவாட்டில் பம்ப். மேலே பர்னர். பர்னரின் நடுவில் முடி நுழையும் அளவுக்குத் துளை கொண்ட நிப்பிள். அதற்குக் கீழே சின்ன கிண்ணம்.

முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். பர்னர் குழாய்கள் நன்றாகச் சூடேறியதும் பம்ப் அடிக்க வேண்டும். உள்ளே காற்றழுத்தம் கூடி, மண்ணெண்ணெய் குழாய் வழியே மேலே ஏறும். சூடான குழாயில் அது ஆவியாகி, நிப்பிள் துளை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து எரியும். ‘புர்ர்ர்’ என்ற அந்தச் சத்தம் ஆவி சீறுகிற சத்தம்தான். ஒரு தடவை பற்றிக்கொண்டால், சுடரே குழாயைச் சூடாக வைத்துக்கொள்ளும். அணைக்க வேண்டுமா? காற்றுத் திருகைத் திறந்தால் ‘புஸ்ஸ்’ என்று அழுத்தம் இறங்கி அடங்கிவிடும்.

நிப்பிள் அடைத்துக்கொள்வதுதான் அன்றாடத் தலைவலி. அதற்கென்றே தகடு ஒன்றின் நுனியில் மெல்லிய கம்பி வைத்த ‘ஸ்டவ் பின்’ பெட்டிக்கடையிலேயே கிடைத்தது. பம்ப்பில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் பம்ப் அடிக்காது. சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பர்னர் மாற்ற, ஓட்டை அடைக்க, தெருவில் ‘ஸ்டவ் ரிப்பேர்’ என்று கூவிக்கொண்டே ஆள் வருவார். ஆக, இது பழகினால் சொன்னபடி கேட்கும், கவனிக்காமல் விட்டால் மக்கர் பண்ணும் இயந்திரம்.

அது தந்த விடுதலை

பம்ப் ஸ்டவ்வைப் பற்றிப் பேசும்போது ஆபத்தை மட்டும் பேசினால் அது பாதி உண்மைதான்.

விறகடுப்புக்கு இடம் வேண்டும், புகை போக வழி வேண்டும், விறகு அடுக்கக் கொல்லை வேண்டும். வேலைக்காக நகரத்துக்கு வந்து ஒற்றை அறையில் குடியேறியவர்களுக்கு இதில் எதுவுமே கிடையாது. பம்ப் ஸ்டவ் அந்த அறையின் ஒரு மூலையைச் சமையலறை ஆக்கியது. கல்யாணமாகி நகரத்துக்கு வந்த புதுக்குடித்தனத்துக்கு ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம் இருந்தால் போதும், உலை கொதிக்கும். வீட்டுக்கார அம்மா ‘சுவர் கரியாகுது’ என்று சத்தம் போட முடியாது. விடியற்காலை நாலு மணிக்குப் புகையில் ஊதாங்குழலோடு போராட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் நீலச் சுடர்.

இன்றைக்கு பி.ஜி. அறையில் ஒளித்துவைத்து மேகி கிண்டுகிற கெட்டிலும் இண்டக்‌ஷனும் என்ன சுதந்திரம் தருகின்றனவோ, அதே சுதந்திரத்தை அன்று ஒரு முழுக் குடும்பத்துக்கே கொடுத்தது பம்ப் ஸ்டவ். இதில் பெண்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நஞ்சம் அல்ல. அதே ஸ்டவ்தான் அவர்களின் மரணச் செய்தியிலும் காரணமாக வந்து உட்கார்ந்தது.

உண்மையிலேயே வெடிக்குமா?

விபத்து நடக்கும். அதை மறுக்கவே முடியாது. ஆனால், பேச்சுவழக்கில் ‘வெடித்தது’ என்று சொல்வதற்குள் பல வேறு வேறு சம்பவங்கள் அடங்கியிருக்கின்றன.

பர்னர் போதுமான அளவு சூடேறாமலேயே பம்ப் அடித்தால், ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி அடிக்கும்; மஞ்சள் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும். நிப்பிள் அடைத்திருப்பது தெரியாமல் ‘இன்னும் நாலு அடி அடி’ என்று பம்ப் அடித்துக்கொண்டே போனால் தொட்டிக்குள் அழுத்தம் கூடும். ஸ்டவ் சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று பற்றும். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும். எண்ணெயில் கலப்படம் இருந்தால் இன்னும் மோசம். மண்ணெண்ணெய் சாதாரண அறை வெப்பத்தில் சட்டென்று பற்றிக்கொள்ளாது; பெட்ரோல் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் நிலைமை தலைகீழ்.

இத்தோடு அன்றைய சமையல் முறையையும் சேர்க்க வேண்டும். ஸ்டவ் தரையில், சமைப்பவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு, சேலைத் தலைப்பு நெருப்புக்குப் பக்கத்தில். சேலை நைலான், பாலியெஸ்டர் என்றால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சமைப்பவர் பெண் என்பதால் அடுப்பு விபத்தில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்தக் காரணங்கள் எல்லாம் கண்டுபிடிக்கக்கூடியவை. தொட்டி கிழிந்திருக்கிறதா, நிப்பிள் அடைத்திருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, எண்ணெயில் கலப்படமா என்று ஸ்டவ்வைக் கையில் எடுத்துப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பித்தளைத் தொட்டி எரிந்து சாம்பலாகிக் காணாமல் போகிற பொருள் அல்ல. எண்ணெய் அழுத்த ஸ்டவ்வுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரம் வகுத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமான பொருட்களின் பட்டியலிலும் சேர்த்தது. வெடித்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டவ்வில் அந்த முத்திரை இருந்ததா, யார் செய்தது, எந்தக் கடையில் வாங்கியது? அந்த நாலு வரிச் செய்தியில் இதற்கெல்லாம் இடமே இருக்காது.

திரி ஸ்டவ் கதை இன்னும் யோசிக்க வைக்கும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளை மிச்சப்படுத்த இந்தியன் ஆயில் ஆராய்ச்சி மையம் ‘நூதன்’ என்ற திரி ஸ்டவ்வைக் கொண்டுவந்தது. ரேஷனில் கிடைத்த நீல நிற மண்ணெண்ணெயை வைத்து ஏராளமான குடும்பங்கள் திரி ஸ்டவ்வில்தான் காலம் தள்ளின. அதில் பம்ப் கிடையாது, காற்றழுத்தம் கிடையாது. திரி தானாக எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவரும். கவிழ்ந்து தீப்பிடிக்கலாம், கலப்பட எண்ணெய் என்றால் குப்பென்று பற்றலாம். பம்ப் ஸ்டவ் போல அழுத்தத்தால் வெடிக்க அதில் எதுவுமில்லை. ஆனால் செய்தி எழுதுகிறவருக்கு எல்லாமே ‘ஸ்டவ்’தான். எது என்று பிரித்துக்கூடச் சொல்லாத செய்தியில், அது எப்படி வெடித்தது என்று எங்கே தேடுவது?

எண்கள் சொல்வது என்ன?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மண்ணெண்ணெயை முதன்மையான சமையல் எரிபொருளாக வைத்திருந்த வீடுகள் 6.5 சதவீதம். நகரங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீடு. நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் விறகுதான் எரிந்தது.

அதே 2001-ம் ஆண்டை எடுத்துக்கொண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. அதில் சுமார் 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலானவர்கள் 15 முதல் 34 வயதுக்குள். காவல்துறை பதிவு செய்திருந்த எண்ணிக்கையைப் போல இது ஆறு மடங்கு. அந்த இளம் வயதில் தீயில் ஓர் ஆண் இறந்தால் மூன்று பெண்கள் இறந்தார்கள்.

இதில் ஸ்டவ் மட்டும் அல்ல, சிம்னி விளக்கு, விறகடுப்பு, தற்கொலை, கொலை எல்லாம் அடக்கம். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அடுப்பின் முன்னால் உட்காருவது இளம்பெண்கள் மட்டுமா? மாமியார் சமைக்கிறார், அத்தை சமைக்கிறார், டீக்கடையில் நாள் முழுக்க ஆண்கள் ஸ்டவ்வோடுதான் நிற்கிறார்கள். கரிப்புகை ஆள் பார்ப்பதில்லை என்று முன்பு பார்த்தோமே, நெருப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். கல்யாணமாகிச் சில வருடங்களே ஆன பெண் என்று தேடிப் பிடிக்கிற புத்தி எந்த ஸ்டவ்வுக்கும் கிடையாது.

சட்டம் கேட்ட கேள்வி

இந்தச் சந்தேகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள்தான். 1979-ல் தில்லியில் கல்யாணமான மகளைத் தீக்குப் பறிகொடுத்த சத்யராணி சத்தா, நீதிமன்றப் படி ஏறத் தொடங்கி பல பத்தாண்டுகள் விடவில்லை. அவரைப் போலவே மகளை இழந்த ஷாஜகான் ஆபாவும் அவரும் சேர்ந்து, வதைபடும் பெண்களுக்காக 1987-ல் ‘சக்தி ஷாலினி’ அமைப்பைத் தொடங்கினார்கள். மதம் வேறு, வசதி வேறு. இரண்டு அம்மாக்களின் துக்கம் ஒன்று.

போராட்டங்களின் பலனாகச் சட்டம் மாறியது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் சாவை அது தொடவில்லை. 1983-ல் கணவர் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு வந்தது. 1986-ல் 304பி வந்தது. கல்யாணமான ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ, இயல்புக்கு மாறான வேறு விதத்திலோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டார் என்று காட்டப்பட்டால், அது வரதட்சணை மரணம். குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். நீதிமன்றம் அப்படி அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் இதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80-வது பிரிவில் இருக்கிறது. ஏழு வருடத்துக்குள் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்று தமிழ்நாட்டுச் செய்திகளில் படிக்கிறோமே, அதன் பின்னணியும் இந்த மாற்றங்கள்தான்.

சட்டம் தன் கேள்வியைக் கேட்டது. ஆனால், பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் தீக்காயப் பிரிவில் படுத்திருந்த அந்தப் பெண்தான். மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் வாங்க வருவார். வாசலில் கணவர் வீட்டார் நிற்பார்கள். ‘நான் போயிட்டா என் புள்ளைங்க இவங்ககிட்டதானே வளரணும்’ என்ற ஒரே யோசனைதான் அவர் மனதில் ஓடும். ‘ஸ்டவ் வெடிச்சிருச்சுங்க’ என்று சொல்லிவிட்டுக் கண் மூடியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஸ்டவ் வாய் திறந்து மறுக்கப்போவதில்லை. அதனால்தான் எல்லாருக்கும் அது வசதியான குற்றவாளி.

ஒரு ரயில் பெட்டி சொன்ன பாடம்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரை வைத்து டீ போட முயன்றபோது தீ பற்றியதாக ரயில்வே தெரிவித்தது.

அங்கே ‘சிலிண்டர் வெடித்தது’ என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். சிலிண்டர் எப்படி உள்ளே வந்தது, யார் ஏற்றியது, சோதனை ஏன் நடக்கவில்லை என்று கேள்விகள் கேட்கப்பட்டன. சுற்றுலா ஏற்பாடு செய்தவர்கள் மீது வழக்கு பாய்ந்தது. விபத்து என்றாலும் அதற்குப் பதில் சொல்ல ஆள் உண்டு என்ற அடிப்படையில் எல்லாம் நடந்தது.

அப்படித்தான் நடக்க வேண்டும். பொது இடத்தில் அடுப்பு எரிந்தால் ஆணையரே வருகிறார். வீட்டுக்குள் அடுப்பு எரிந்து ஒரு பெண் இறந்தால், ‘எதிர்பாராதவிதமாக’ என்ற ஒரு சொல் போதும் என்றாகிவிடுகிறது. இந்த வித்தியாசம்தான் பிரச்சினையே.

சரி, ஸ்டவ் போயிருச்சே... இப்ப எதுக்கு இது?

உண்மைதான். 2011 கணக்கெடுப்பிலேயே மண்ணெண்ணெயில் சமைத்த வீடுகள் 2.9 சதவீதமாகக் குறைந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கப்பட்டது. 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டிருக்கின்றன. பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தாலும் இது பெரிய மாற்றம். அதற்குரிய பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால், அடுப்பு மாறியதே தவிர, வாக்கியம் மாறவில்லை. ‘ஸ்டவ் வெடித்து’ இருந்த இடத்தில் ‘சிலிண்டர் வெடித்து’ வந்து உட்கார்ந்திருக்கிறது. இதிலும் அதே குழப்பம்தான். பல சம்பவங்களில் சிலிண்டர் முழுசாக அப்படியே இருக்கும். கசிந்து அறையில் தேங்கிய வாயுதான் பற்றியிருக்கும். எரிவாயு காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். ரெகுலேட்டரா, ரப்பர் டியூபா, டெலிவரியின்போது பார்க்காமல் விட்ட வாஷரா என்று காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் இழப்பீடும் கேட்க முடியும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துகளுக்குக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை. வாடிக்கையாளர் தனியாக பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? பழுதான பொருளால் பாதிப்பு என்றால் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

வரதட்சணையும் ஸ்டவ்வோடு பரணுக்குப் போய்விடவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் 6,450 வரதட்சணை மரண வழக்குகள். நாளுக்குச் சராசரியாக 17-க்கும் மேல்.

ஆகவே மாற வேண்டியது மூன்று. ஒன்று, செய்தி. காரணம் தெரியும்வரை ‘தீக்காயங்களுடன் உயிரிழப்பு, காரணம் குறித்து விசாரணை’ என்று எழுதினால் போதும். குடும்பம் சொன்னதை நடந்ததாகவே தலைப்பில் போட வேண்டியதில்லை. இரண்டு, விசாரணை. அடுப்பு, சிலிண்டர், டியூப் எல்லாம் தடயங்கள். அவற்றைப் பரிசோதித்த அறிக்கை இல்லாமல் ‘விபத்து’ என்று கோப்பை மூடக் கூடாது. மூன்று, அக்கம்பக்கம். பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிற அழுகையை ‘அது அவங்க குடும்ப விஷயம்’ என்று விட்டுவிட்டு, ஒருநாள் தீயைப் பார்த்ததும் ‘ஐயோ, ஸ்டவ் வெடிச்சிருச்சாம்’ என்று சொல்வது சுலபம். அழுகை கேட்கும்போதே 181 பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். எரிவாயு கசிவு என்றால் 1906.

அடுத்த முறை போனில் ‘வெடித்து பெண் பலி’ என்று ஒரு செய்தி வந்தால், ஷேர் பண்ணுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். வெடித்தது எது? அது வெடித்தது என்று சொன்னது யார்? அதை எடுத்துப் பார்த்தது யார்? மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லை என்றால், விசாரணை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.